பயந்த நாய்க்குப் பொருத்தமான வீடு தேடும் ஷெல்டர்: தத்தெடுத்தவர்களின் அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை போனோம், பிடித்த நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்று வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஷெல்டர் ஒத்துவராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆளைக் கண்டாலே ஒடுங்கிப்போகிற, வருகிறவர்கள் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவர உங்களுக்கு மனசு இருந்து, ஏற்கெனவே நாய் வளர்த்த பழக்கமும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இவர்களிடம் போகலாம். சென்னையைச் சுற்றி நான் போய்ப் பார்த்த இடங்களில் இவ்வளவு பொருத்தம் பார்த்து நாயைக் கொடுப்பவர்கள் வேறு யாரும் இல்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை ஏன் குறைகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரைப் போடாததற்குக் காரணம், போடவேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதுதான். முன்பு யாரோ நல்ல எண்ணத்தில் பேஸ்புக்கில் பெயர், லொக்கேஷன் எல்லாம் போட்டுப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அடுத்த வாரமே கண் திறக்காத குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு கேட் வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்துவிட்டார்கள், வயதான லாப்ரடாரைக் கேட்டில் கட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனவர்கள்கூட உண்டாம். இருக்கிற கூண்டுகளே போதாத இடம் அது. தாம்பரம் தாண்டி, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஏரிக்கரை ஓரம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நிஜமாகவே தத்தெடுக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் எப்போதும் நாய் இருந்திருக்கிறது. மடிப்பாக்கத்தில் தனி வீடு, நான், கணவர், அத்தை மூன்று பேர், பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மணி என்று ஒரு நாட்டு நாய், வயதாகிவிட்டது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத குணம். இன்னொரு நாய் எடுக்கலாம், ஆனால் யாரும் எடுக்காத நாயாகப் பார்த்து எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. தேனு என்ற பழுப்பு நிறப் பெண் நாய், படம் கொஞ்சம் மங்கல், கீழே "அனுபவம் உள்ள வீட்டுக்கு மட்டும்" என்று எழுதி, அதற்குக் கீழே என்னென்ன வேண்டும் என்று விவரமாகப் போட்டிருந்தார்கள். சின்னக் குழந்தைகள் இல்லாத வீடு, பகலில் யாராவது இருக்க வேண்டும், கூடவே அமைதியான இன்னொரு நாய் இருந்தால் நல்லது, காம்பவுண்டு சுவர் தாண்ட முடியாத உயரத்தில் இருக்க வேண்டும். "அன்பான குடும்பம் தேவை" என்று பொதுவாகப் போடும் போஸ்டர்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது வித்தியாசமாகப் பட்டது, போன் செய்தோம்.

அங்கே ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நோட்டு இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற அதே கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, அட்டையில் நாயின் பெயர், வந்த தேதி. கூண்டு கழுவுகிற அண்ணனிலிருந்து வாரக் கடைசியில் உதவிக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் வரை அதில் எழுதுகிறார்கள். தேனுவின் நோட்டை முதல் நாளே எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். "துடைப்பத்தைப் பார்த்து ஒதுங்குகிறது." "ஆண் குரல் கேட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிடுகிறது." "ரோசியோடு விட்டால் வால் மேலே வருகிறது." "ஊசி போடப் பிடித்தபோது உறுமியது, கடிக்கவில்லை, இனி இரண்டு பேராகப் பிடிக்கக் கூடாது." இப்படிப் பக்கம் பக்கமாக. ஒரு இடத்தில் வேறு கையெழுத்தில், "மூலையில் மடக்கினால் கடிக்கலாம்" என்று அடிக்கோடு போட்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பப்போகிற நாயைப் பற்றி இப்படி ஒரு வரியை மறைக்காமல் காட்டுவதற்கு நேர்மை வேண்டும். பயந்த நாயை எடுப்பவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முதலில் தேவைப்படுவது இந்த விவரம்தான்.

தேனு ஒரு கட்டுமான இடத்தில் பிறந்தவள். மேடவாக்கம் பக்கம் பாதி கட்டி நின்றுபோன கட்டடம், ஆள் நடமாட்டமே கிடையாது, தாய் மட்டும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும். குட்டிகளைக் கண்டுபிடித்து எடுத்து வரும்போது நாலைந்து மாதம் ஆகிவிட்டிருந்தது. நாய்க்குட்டிக்கு 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12–14 வாரம் வரை ஒரு பருவம் இருக்கிறது, அதற்குள் மனிதக் கை, மனிதக் குரல், மிக்சி சத்தம், வண்டி, படிக்கட்டு எல்லாம் பழகிவிட்டால் பிறகு பெரும்பாலும் பயப்படாது. அந்தப் பருவத்தில் ஆளையே பார்க்காத குட்டிக்கு ஆள் என்றாலே ஆபத்துதான். யாரும் அடித்ததால் வந்த பயம் இல்லை என்று அங்கே பொறுப்பில் இருக்கும் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். "பாவம், யாரோ கொடுமைப்படுத்தியிருக்காங்கன்னு சொல்லி எல்லாரும் கட்டிப்பிடிக்கப் போறாங்க மா. அதுக்கு அதுதான் ஆகாது." இது எனக்கு மிகவும் பிடித்தது. பாவம் பார்த்து நாயை எடுக்கிறவர்கள் அது பதிலுக்குச் சீக்கிரம் அன்பு காட்டும் என்று எதிர்பார்ப்பார்கள், அது வராதபோது நொந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்பதை அவர் அனுபவத்தில் சொன்னார்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தெருவில் நன்றாக வாழ்கிற, கருத்தடை செய்து ஊசி போட்ட நாயை இவர்கள் எடுத்து வந்து கூண்டில் போடுவதில்லை. தெருநாய்களுக்கான 2023-ம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, ஆபரேஷன் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். 2025 ஆகஸ்டில் டில்லி தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டு, அதை அதே மாதம் 22-ம் தேதி மாற்றியது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் "எங்க தெரு நாயையெல்லாம் வந்து எடுத்துட்டுப் போங்க" என்று ராப்பகலாகப் போன் வந்ததாம். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்கள். தேனு மாதிரி போக இடமில்லாதது, அடிபட்டது, வீட்டில் வளர்த்துக் கைவிடப்பட்டது, இவைதான் உள்ளே இருக்கின்றன.

முதல் சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இவர்களின் திறமை அங்கேதான் தெரிந்தது. கூண்டு கழுவும் அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பதைத் தாண்டியவர், லுங்கி, தோளில் துண்டு. நாயைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் உள்ளேயே விட்டார். "அம்மா, நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் பாத்து உக்காருங்க. அது இருக்குன்னே நினைக்காதீங்க." தேனு நீல நிறத் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் உடம்பைச் செருகி வைத்திருந்தாள். நான் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தேன். கடைக்கண்ணில் தெரிந்த வரைக்கும் காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கிடந்தன, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், அடிக்கடி உதட்டை நக்கினாள். பசியில் நக்குவது வேறு, பதற்றத்தில் நக்குவது வேறு. அண்ணன் வேகவைத்த கோழி ஈரலை விரல் நகம் அளவுக்குக் கிள்ளி, கையை ஓங்காமல், தரையோடு தரையாக உருட்டிவிட்டார். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்று, அவள் பக்கம் இரண்டு, அவளுக்குப் பின்னால் ஒன்று.

பின்னால் எதற்கு என்று கேட்டேன். "முன்னாடி மட்டும் போட்டா சாப்பாட்டு ஆசையில கிட்ட வந்துடும், வந்தப்புறம்தான் ஆள் பக்கத்துல இருக்கறது தெரியும், அப்ப வெலவெலத்துப் போயிடும். பின்னாடி போட்டா விலகிப் போயும் சாப்பிடலாம்னு தெரிஞ்சுக்கும். போக வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அது வரும்." வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வீடியோ போட்டு விளக்குகிற விஷயம் இது. இவர் கூண்டு கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். அன்று அவள் இடுக்கை விட்டு வரவில்லை, பின்னால் விழுந்த துண்டை மட்டும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரம் பார்த்துச் சாப்பிட்டாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கே இன்னொரு குடும்பமும் தேனுவைக் கேட்டு வந்திருந்தது. நல்ல மனிதர்கள், முகத்திலேயே தெரிந்தது. ஓஎம்ஆரில் பதினாலாவது மாடி, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், சின்னப் பிள்ளைகள் இரண்டு. அந்தப் பாப்பா கம்பிக்கு நடுவே கையை விட்டு "தேனு தேனு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா அவர்களுக்குத் தேனுவைக் கொடுக்க முடியாது என்று நேராகவே சொன்னார். லிஃப்ட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வர வேண்டும், உள்ளே முன்பின் தெரியாத நாலு பேர் நின்றால் இது என்ன பாடுபடும், பிள்ளைகளின் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே போய் ஒளியும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அபார்ட்மென்ட் என்பதால் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார், குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, சங்கத்தார் தொல்லை கொடுத்தால் அதைக் காட்டலாம் என்று ஒரு நகலையும் கொடுத்தார். அப்புறம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகளைக் கண்டால் மேலே விழுந்து நக்குகிற ஒரு கறுப்பு வெள்ளை ஆண் நாயைக் காட்டினார். போகும்போது அந்தப் பாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு சந்தோஷம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மறுக்கத் தெரியாத இடங்களையும் பார்த்திருக்கிறேன். என் தோழி ஒருத்தி வேறோர் இடத்திலிருந்து பயந்த நாய் ஒன்றை எடுத்தாள். "ரெண்டு நாள்ல சரியாயிடும் மேடம்" என்று சொல்லி, சாதாரண காலர் மாட்டி, ஒரு கயிற்றோடு கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அது தலையைப் பின்னுக்கு இழுத்துக் காலரை உருவிக்கொண்டு ஓடியது ஓடியதுதான். ராத்திரி பகலாகத் தேடினோம், கிடைக்கவில்லை. கொடுத்தவர்களுக்குப் போன் செய்தபோது "நாங்க என்ன செய்ய முடியும்" என்றார்கள். அந்த நாய்க்கு வீடு கிடைத்தது என்று அவர்களுடைய கணக்கில் இன்றும் இருக்கும்.

சரி, "அனுபவம் உள்ள வீடு" என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? எத்தனை வருஷம் நாய் வளர்த்தீர்கள், என்ன ஜாதி நாய் வைத்திருந்தீர்கள் என்று நாங்கள் எதிர்பார்த்த கேள்விகளை ஏறக்குறைய கேட்கவே இல்லை. பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வராவிட்டால் என்ன செய்வீர்கள்? வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போனால் யார் துடைப்பது, துடைக்கும்போது என்ன சொல்வீர்கள்? சொந்தக்காரர்கள் வந்து "என்ன இது, நாய் மாதிரியே இல்லையே" என்றால்? ஆறு மாதம் ஆகியும் தொடவிடவில்லை என்றால்? முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது, கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அத்தைதான் பதில் சொன்னார். பழைய நாய்க்குக் கிட்னி போய் நடக்க முடியாமல் கிடந்தபோது ராத்திரியில் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் விசாரிப்பது மாதிரி விசாரித்தார்கள், எங்களுக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

எங்கள் மணியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஷெல்டருக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஏரிக்கரைப் பாதையில், முதலில் இருபதடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்கவிட்டார்கள். நேருக்கு நேர் விடவே இல்லை. ரோசி என்ற நாயோடு இருக்கும்போது தேனுவுக்குத் தைரியம் வருகிறது என்பது நோட்டிலிருந்து தெரிந்ததால், ஆளைவிட நாய்தான் இவளுக்கு வழிகாட்டும் என்று அண்ணன் கணித்து வைத்திருந்தார். மணி வழக்கம்போல ஒரு வேப்பமரத்தை மோந்துவிட்டு நகர்ந்தான். அவன் போன பிறகு அதே இடத்தில் அவள் வந்து மோந்தாள். அதுவரை வயிற்றோடு ஒட்டியிருந்த வால் கொஞ்சம் தளர்ந்தது, பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். மோப்பம் பிடிப்பதாகவோ குறை சொல்வதாகவோ இல்லை, ஒரு இளைஞர் வந்து கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியைத் தரையில் படுத்துப் பார்த்தார். மோட்டார் ரூம் மேலிருந்து சுவரைத் தாண்ட முடியுமா, மாடிப்படி கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் தலை போகுமா, பால்காரர் வரும்போது கேட் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்றெல்லாம் பார்த்தார். கேட்டின் கீழ்ப்பக்கம் கம்பி வலை அடிக்கச் சொன்னார், வாசல் கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே இன்னொரு சின்னத் தடுப்பு இருந்தால் நல்லது என்றார். பயந்த நாய் காணாமல் போவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், கதவு திறக்கிற அந்த ஒரு நொடியில்தான். வலை அடித்துப் படம் அனுப்பிய பிறகுதான் தேதி கொடுத்தார்கள்.

நாயைக் கொடுத்த விதமும் ஒழுங்கு. ஃபைலில் கருத்தடைச் சான்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் நைன் இன் ஒன் ஊசி இரண்டும் எப்போது போட்டார்கள், அடுத்தது எப்போது என்ற அட்டை. இதற்கு முன் உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறது, பிளேட்லெட் இறங்கி நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மருந்து கொடுத்திருக்கிறார்கள், அந்த ரத்தப் பரிசோதனைத் தாளும் இருந்தது. சென்னை மாதிரி ஊரில் இந்தத் தாள் மிக முக்கியம், அடுத்த தடவை நாய் சோர்ந்து படுத்தால் டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டே கொடுத்தார்கள். சென்னை மாநகராட்சி 2025-ல் வீட்டு நாய்களுக்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததிலிருந்து இந்த வேலையை ஷெல்டரிலேயே முடித்துவிடுகிறார்கள். உரிமக் கட்டணம் 2025-ல் 50 ரூபாய்தான் இருந்தது, ஆன்லைனில் போட்டுவிடலாம். நாய்க்கென்று பணம் எதுவும் வாங்கவில்லை, முடிந்தால் அரிசி மூட்டையோ மருந்துச் செலவோ கொடுங்கள் என்றார்கள். எந்தக் காரணத்துக்காக வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் நாயை இவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் தரக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். முதல் சில வாரம் ஃபாஸ்டர், அதாவது தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற கணக்கில்தான் கொடுத்தார்கள், தத்து என்பது அதற்குப் பிறகு. தலை வழியாக உருவ முடியாத காலர் ஒன்று, உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி லீஷ் (பிடிகயிறு). அவள் படுத்திருந்த பழைய சாக்கையும் துவைக்காமல் அப்படியே சுருட்டிக் கொடுத்தார்கள், அந்த வாசனைதான் புது வீட்டில் அவளுக்குத் தெரிந்த ஒரே பொருளாக இருக்கும் என்று.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனது என்பதும் விமர்சனத்தில் சேர வேண்டியதுதான், ஏனென்றால் இவர்கள் அதற்குப் பிறகும் விட்டுவிடவில்லை. புது வீட்டுக்கு வந்த நாய்க்கு 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள் இல்லையா, மூன்று நாளில் மூச்சு விட ஆரம்பிக்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் நம்ம வீடு என்று தோன்றும் என்று. அதைத் தேனுவுக்குப் பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் இரண்டு மூன்று மடங்காகப் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று அக்கா முன்னாலேயே சொல்லியிருந்தார். அவள் வந்ததும் பீரோவுக்குப் பின்னால் போனாள். சாக்கை அங்கேயே விரித்தோம், தண்ணீரையும் சாப்பாட்டையும் அங்கேயே கொஞ்சம் தள்ளி வைத்தோம். ராத்திரி விளக்கணைத்த பிறகு வெளியே வந்து வீட்டைச் சுற்றுவது நகம் தரையில் படும் சத்தத்தில் தெரியும். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்புவார். "கொட்டாவி விடுது பாருங்க, அது தூக்கம் இல்ல, யாரோ குறுக்க நடந்திருக்கீங்க." திரும்பப் போட்டுப் பார்த்தால், ஆமாம், கணவர் கேமராவுக்குப் பின்னால் நடந்திருக்கிறார்.

மாற்றம் வந்தது அத்தையிடமிருந்து. அவர் தினமும் சாயங்காலம் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பூக் கட்டுவார். யாரையும் கூப்பிட மாட்டார், பார்க்க மாட்டார், விரலும் நாரும்தான் அசையும். தேனு முதலில் பீரோ ஓரத்திலிருந்து மூக்கை மட்டும் நீட்டினாள். சில வாரம் கழித்து மணியின் பின்னாலேயே வந்து அத்தையின் கால்மாட்டில், எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் படுத்தாள். அத்தை உதிர்ந்த மல்லிகை ஒன்றை அவள் பக்கம் உருட்டிவிட்டார், அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மினாள். தும்மிய பிறகும் ஓடவில்லை. எங்களுக்கு அன்று பெரிய நாள். அதை எழுதி அனுப்பியதும் ஷெல்டரிலிருந்து வந்த பதில், "தடவ வேண்டாம், நாளைக்கும் பூக் கட்டச் சொல்லுங்க" என்பதுதான். இப்படிப்பட்ட பதில் சொல்ல ஆள் இருப்பதற்காகவே நான் இவர்களைச் சிபாரிசு செய்வேன்.

தீபாவளிக்கு முன்னால் தத்தெடுத்த எல்லாருக்கும் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தாளில் இருக்கிறதே தவிர, நடப்பது எல்லாருக்கும் தெரியும், முந்தைய வாரமே ஆரம்பித்துவிடும். அதனால் அந்த வாரம் முழுக்க வெளிச்சம் வருவதற்கு முன் நடக்கக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள், ஜன்னலை மூடிக் கனமான போர்வை தொங்கவிடுங்கள், ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள், மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டி எடைக்கு ஏற்ற மாத்திரை வாங்கி வைத்தோம். அவள் ஒளிந்துகொள்ளப் போன இடத்திலிருந்து இழுக்கவே கூடாது என்பதும் அந்தச் செய்தியில் இருந்தது. மணியின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக் கழித்தாள்.

இப்போது அந்த அரை மதிப்பெண். போன் எடுக்கவே மாட்டார்கள். நாலு மணிக்கு முன்னால் கூப்பிட்டுப் பயனில்லை, ஆள் இல்லாத குறை என்று புரிகிறது, ஆனால் தேனு ஒருநாள் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தபோது மணிக்கணக்கில் பதில் வராமல் தவித்தோம். அவசரத்துக்கென்று ஒரு எண் தனியாக இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, இது எனக்கு நிஜமான கோபம். நாய் வளர்ப்பில் எங்கள் வீட்டிலேயே அதிகம் தெரிந்தவர் அத்தை, அவரால் அந்தப் படிவத்தை நிரப்ப முடியாது. செங்கல்பட்டிலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் ஆடு மாடு நாய் என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் வரலாம், அவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டு பக்க ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்களோ. தமிழில் ஒன்று எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள். நாய்களின் படங்களும் சரியில்லை. பயந்த நாயைப் பக்கத்தில் போய் எடுக்க முடியாதுதான், தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுக்கும் யாராவது ஒரு காலேஜ் பிள்ளையை நிறுத்தினால் போதும்.

இன்னொன்று, அவர்கள் கொடுத்த பட்டியலில் இருந்த பயிற்சியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் தேனுவைக் கயிற்றில் கட்டிக் கூடத்துக்கு இழுத்து "எல்லாரும் வந்து தடவுங்க, பழகிடும்" என்றார். உடனே நிறுத்தி அனுப்பிவிட்டோம். பயத்தில் அசையாமல் நிற்கிற நாயைப் பார்த்துப் பழகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஷெல்டரில் சொன்னதும் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தேனு இப்போது எப்படி என்று கேட்பீர்கள். என் கையிலிருந்து சாப்பிடுகிறாள், அத்தை காது மடலைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடுகிறாள், கணவரைப் பார்த்து வாலை ஆட்டுவாள், ஆனால் அவர் எழுந்து நின்றால் நகர்ந்துகொள்வாள். கேஸ் சிலிண்டர் உருட்டும் சத்தத்துக்கு இன்னும் பீரோதான். வெளியே போனால் இன்னும் இரண்டு லீஷ். விருந்தாளி வந்தால் மாடி அறை. இதற்கு மேல் மாறாமல் போனாலும் எங்களுக்குச் சம்மதம், இதைத்தான் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

அங்கே இப்போது காத்திருக்கிற ஒரு ஆண் நாயைப் பற்றி அக்கா எழுதச் சொன்னார். வெள்ளையில் பழுப்புத் திட்டு, நடுத்தர வயது, ஒரு காது பாதி மடிந்திருக்கும். வளர்த்தவர் இறந்துபோய் வீட்டார் கொண்டுவந்து விட்டது. பெண்களிடம் பரவாயில்லை, ஆண்களிடம் நாளாகும். வேறு நாயோடு ஒத்துப்போகும், பூனை ஆகாது. தனி வீடாக இருந்தால் நல்லது, பகலில் வயதானவர்கள் யாராவது இருக்கிற, டிவி ஓடிக்கொண்டிருக்கிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது, அவனுக்கு அந்தச் சத்தம் பழக்கம். பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் கூண்டு கழுவும் வேலை முடிந்திருக்காது. சென்ட் போட்டுக்கொள்ளாதீர்கள், பிஸ்கட்டுக்குப் பதில் உப்புப் போடாமல் வேகவைத்த ஈரல் எடுத்துப்போங்கள், நோட்டை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.